கடல் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு சிக்கனமாகப் போய்வருதல்: வலங்கைமானை முன்வைத்து ஓர் ஆய்வு

குடமுருட்டிக் கரையில், உப்புக்காற்றே படாத வலங்கைமானில் குடியிருக்கும் ஒரு குடும்பம், கையைக் கடிக்காமல் கடல் சார்ந்த அருங்காட்சியகம் ஒன்றைப் பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்ப முடியுமா என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். முடியும் என்பது ஆய்வாளனின் துணிபு. ஒருவருக்கொருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் திரும்ப முடியுமா என்பது தனி ஆய்வு. அதற்கு இன்னும் யாரும் முன்வரவில்லை.

குடும்பம் என்ற சொல்லால் இங்கே குறிக்கப்படுவோர்: ஆய்வாளன், அவன் மனைவி, ஏழாவது படிக்கும் மகள், வயது சர்ச்சைக்குரிய மகன், அப்பாயி, பெரியப்பா, லீவுக்கு வந்து போக மறந்த மச்சினன். முடிவெடுக்கும் உரிமை ஆய்வாளனுக்கு உண்டு என்பது ஏட்டளவில். சுருக்குப்பை அப்பாயியிடம் இருந்தது என்பது நடைமுறை.

முன்னோடிகள் யார் என்று தேடினால் ஊரிலேயே ஒருவர் அகப்படுகிறார். 1869இல் வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1921இல் லண்டன் மாநாட்டுக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றினார். 1927இல் இந்திய அரசின் முகவராகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். கடலை அவ்வளவு பார்த்தவர் இந்த வட்டாரத்தில் அரிது. ஆனால் அத்தனையும் அரசாங்கச் செலவு. ஆக, ஊரின் தலைசிறந்த கடற்பயண முன்னுதாரணம் நமக்கு எந்த விதத்திலும் உதவாது.

எங்கே போவது என்பதில் இரண்டு கட்சிகள் எழுந்தன: ஒன்று தஞ்சாவூர், மற்றொன்று தரங்கம்பாடிக் கோட்டையிலுள்ள அருங்காட்சியகம். மச்சினன் தஞ்சாவூர்க் கட்சி. கடல் அருங்காட்சியகத்துக்குக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும் என்பது மூடநம்பிக்கை என்பது அவன் வாதம். காரணம் இல்லாமல் இல்லை. தஞ்சை அரண்மனைக் கலைக்கூட வளாகத்தில் 92 அடி நீளத் திமிங்கலம் ஒன்றின் எலும்புக்கூடு இருக்கிறது. 1955இல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது அது. கடலில் பிறந்து, கடலில் வளர்ந்து, செத்த பிறகு நாயக்கரும் மராட்டியரும் ஆண்ட அரண்மனையில் குடியேறிய உயிர் அந்தத் திமிங்கலம் ஒன்றாகத்தான் இருக்கும். "கடலே நம்ம ஊரைத் தாண்டி வந்திருக்கு மாமா, நாம ஏன் அதைத் தேடிக் கரைக்குப் போவணும்?" என்று கேட்டான். தர்க்கத்தில் ஓட்டையில்லை. ஆனால் அரண்மனைக்குப் போனால் பெரிய கோயிலுக்குப் போகாமல் திரும்ப முடியாது, கோயிலுக்குப் போனால் புடவைக்கடைக்குப் போகாமல் திரும்ப முடியாது. ஆய்வாளன் தரங்கம்பாடிக் கட்சியில் சேர்ந்தது கடல் மேல் கொண்ட காதலால் அல்ல.

பூம்புகார் மூன்றாவது இடமாகப் பேசப்பட்டது. அங்கே 1997இல் தொடங்கிய கடல் அகழ்வைப்பகம் இருக்கிறது. அந்தக் கடலடியில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 1791, 1792 என்று ஆண்டு பொறித்த ஈயக்கட்டிகள்கூட எடுத்திருக்கிறார்கள். ஆனால் பெரியப்பா, "மாதவியால கெட்ட ஊருக்குக் குடும்பத்தோட போவக் கூடாது" என்று ஒரே வரியில் அடித்துவிட்டார். மேல்முறையீடு இல்லை.

இனிப் போக்குவரத்து. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சிக்கன ஆய்வுலகில் இது ஒரு திருப்புமுனை. இதன்படி ஒரு குடும்பத்தின் பேருந்துச் செலவு அந்தக் குடும்பத்திலுள்ள ஆண்களின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் அமையும். எங்கள் வீட்டில் ஆண்கள் அதிகம் என்பதை அப்பாயி அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு குறையாகச் சொன்னார். தவிரவும், டவுன் பஸ்ஸைத் தவிர வேறெதிலும் ஏற மாட்டேன் என்று ஒரு புதிய விரதம் பூண்டார். வலங்கைமானிலிருந்து கும்பகோணம் வரை விரதம் பங்கமில்லாமல் நிறைவேறியது. அங்கிருந்து மயிலாடுதுறைக்கு மப்சல் பஸ். டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் அப்பாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பார்வை, பிறகு கோட்டையில் எந்தக் காட்சிப் பொருளுக்கும் கிடைக்கவில்லை.

மகன் விஷயம் தனியாகச் சொல்லத்தக்கது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு அரசுப் பேருந்தில் டிக்கெட் கிடையாது, அதற்குமேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஐந்தரையாக இருந்த பையன் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் நாலே முக்காலாகக் குறைந்தான். காலம் பின்னோக்கி நகர முடியுமா என்று இயற்பியலார் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கண்டக்டர் அருகில் வந்தால் நகரும். ஆனால் அவன் அம்மா வழியெல்லாம் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டுக்கொண்டே வந்தவன், கண்டக்டர் எதுவும் கேட்பதற்கு முன்பே, "நான் ஒண்ணாவது பி செக்ஷன்" என்று அறிவித்தான். அரை டிக்கெட் கிழிக்கப்பட்டது. வாய்மைக்கு உரிய விலை ஆய்வேட்டில் தனித் தலைப்பில் பதியப்பட்டது.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயிலே ஓடியது. 1926இல் வந்த மீட்டர்கேஜ் பாதை, 1980களில் நிறுத்தப்பட்டது. இப்போது செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பேருந்துதான். இங்கேதான் ஆய்வாளன் 'கோயில் குறுக்கீடு' என்று பெயரிட்டுள்ள இடர் தலைகாட்டுகிறது. டெல்டாவில் எந்தப் பாதையில் போனாலும் ஒரு கோபுரம் தெரியாமல் ஒரு நிறுத்தம் வராது. கோபுரம் தெரிந்தால் அப்பாயி எழுந்து நிற்பார். திருவிடைமருதூரில் எழுந்தவரை ஆடுதுறை வரை சமாதானம் சொல்லி உட்கார வைத்தோம். திருக்கடையூரில் முடியவில்லை. "உங்க பெரியப்பனுக்கு அறுபதாங் கல்யாணம் பண்ணாமயே விட்டாச்சு, சாமியையாவது பார்க்க வேணாமா" என்று கேட்டதும் பெரியப்பாவே இறங்கிவிட்டார். அர்ச்சனைத் தட்டு, நெய்விளக்கு, செருப்புக்கு டோக்கன். மொத்தப் பயணத்தில் திட்டமிடாத பெருஞ்செலவு அதுவே. நாள் தேர்விலும் இந்தக் குறுக்கீடு உண்டு. கோயிலுக்கு உகந்தது வெள்ளிக்கிழமை. கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறையும் வெள்ளிக்கிழமை. நல்லநாள் பார்த்துக் கிளம்பும் எந்தக் குடும்பமும் பூட்டைத்தான் தரிசிக்கும். நாங்கள் சனிக்கிழமை போனோம், அப்பாயி அதைச் சனிப்பெயர்ச்சி என்று குறிப்பிட்டார்.

தரங்கம்பாடி டேன்ஸ்போர்க் கோட்டை 1620இல் கட்டத் தொடங்கப்பட்டது. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் அனுப்பிய ஓவ் ஜெட்டே, தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுக் கட்டினார். நாயக்கர் அந்த அரசருக்குப் பொன்னோலையில் எழுதிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. ஊரை விட்டுக்கொடுத்ததற்கு ஆண்டுக் குத்தகை 3,111 ரூபாய் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இந்தக் கணக்கைக் கேட்டதும் பெரியப்பா நிமிர்ந்தார். கோயில் நிலம் குத்தகைக்குப் பார்ப்பவர் அவர். "எத்தினி வருஷம் இருந்தாங்க?" 225 ஆண்டு. "காலி பண்ணும்போது?" 1845இல் வங்காளத்து சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பெரியப்பா கோட்டையை அண்ணாந்து பார்த்தார். "குத்தகைக்கு வந்தவன் வித்துட்டுப் போயிருக்கான்" என்றார். குரலில் கண்டனம் இருந்ததா, மரியாதை இருந்ததா என்று பிரித்தறியும் கருவி ஆய்வாளனிடம் இல்லை.

ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு இனித்தான். சிக்கனக் குடும்பத்துக்குத் தரங்கம்பாடியே தக்கது என்பதற்குக் காரணம் நுழைவுச் சீட்டின் விலை மட்டுமல்ல (அது ஒரு டீ காசைத் தாண்டாது). கோட்டையின் வரலாறே காசில்லாதவன் வரலாறு. ஓவ் ஜெட்டேவின் கப்பல்கள் இங்கே வந்து சேருவதற்குள் ஆட்களில் பெரும்பகுதி வழியிலேயே செத்துப்போனார்கள். முன்னால் வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்ச்சுகீசியர் மூழ்கடித்தார்கள். டேனிஷ் வணிகக் கம்பெனி நொடித்தது. அதன் பிறகு நெடுங்காலம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. வெளிநாட்டுக்குப் போன பிள்ளையிடமிருந்து பணம் வருவது நின்றுபோன வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். இது அதற்கு நேர்மாறு, வெளிநாட்டுக்கு வந்தவனுக்கு வீட்டிலிருந்து பணம் நின்றது.

1655இல் கோட்டையில் மிஞ்சிய டேனிஷ்காரர் ஒரே ஒருவர். எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்று பெயர். சம்பளம் இல்லை, மேலதிகாரி இல்லை, கடிதத்துக்குப் பதில் இல்லை. ஆனாலும் கொடியை இறக்கவில்லை. உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு வங்கக் கடலில் போகும் கப்பல்களை மடக்கி, அந்த வரும்படியில் கோட்டையை ஓட்டினார். குத்தகைப் பாக்கி கேட்டுத் தஞ்சைப் படை வந்தது. பாக்கியைக் கட்டுவதற்குப் பதில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669இல் 'ஃபேரோ' என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது கோட்டை அப்படியே இருந்தது. பதினாலு வருஷம் பட்ஜெட்டே இல்லாமல் ஓர் அரசு அலுவலகத்தை நடத்திய இவருக்குச் சிக்கனவியல் துறையில் ஓர் இருக்கை நிறுவ வேண்டும் என்பது ஆய்வாளனின் பரிந்துரை. கப்பல் மடக்கும் பகுதியைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிடலாம்.

மாடியில் அருங்காட்சியகம். பீங்கான் பாத்திரங்கள், சீனத் தேயிலை ஜாடிகள், வாள், ஈட்டி, சுதைச் சிற்பங்கள், சின்னப் பீரங்கிக் குண்டுகள், பெரிய அரைக்கும் கற்கள், ஒரு திமிங்கல எலும்பின் பகுதி. ஆய்வாளன் ஒவ்வொருவரும் எதன்முன் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதைக் கவனித்தான். பெண்கள் ஜாடியின் முன் நின்றார்கள். "இதுல மாவடு போட்டா நாலு வருஷம் கெடாது" என்றாள் மனைவி. மகள் வாளைப் படமெடுத்தாள். மச்சினன் மின்விசிறிக்கு அடியில் நின்றான். அப்பாயி திமிங்கல எலும்பின் முன் கொஞ்சமும் அசரவில்லை. அதில் வியப்பில்லை. பங்குனியில் மாரியம்மன் கோயில் பாடைக்காவடி பார்த்து வளர்ந்தவர் அவர். நோயில் விழுந்து பிழைத்தவரை உயிரோடு பாடையில் படுக்க வைத்து, முன்னால் ஒருவர் தீச்சட்டி ஏந்த, நாலு பேர் தூக்கிக் கோயிலைச் சுற்றும் ஊர் எங்களுடையது. எலும்பைப் பார்த்து எங்கள் ஊர்க்காரர் எவரும் பயந்ததாக வரலாறு இல்லை. அப்பாயி கேட்டது ஒன்றுதான்: "இத எத்தினி பேரு தூக்கியிருப்பாங்க?"

மேற்கண்ட அனைத்தும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். செலவு தொடங்குவது கோட்டைக்கு வெளியே வந்த பிறகு. வாசலுக்கும் அலைக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு மணல்வெளியே பொருளாதாரத்தில் ஆபத்தான பகுதி. மாங்காய் பட்டாணி சுண்டல், பஜ்ஜி, பலூன், பேர் பொறித்த சங்கு, சிப்பி ஒட்டிய கண்ணாடி. கட்டிக்கொண்டு போன புளியோதரையும் தயிர்சாதமும் மதியத்தைக் காத்தன. மாலையைக் காக்க எந்தப் பொட்டலத்தாலும் முடியாது. பேர் பொறித்த சங்கில் மகனின் பேர் இல்லாதது மட்டும் குடும்பத்துக்கு வாய்த்த நல்லூழ். இருந்த பேர்களில் ஒன்றைத் தன் பேராக மாற்றிக்கொள்ள அவன் சம்மதித்தது வேறு விஷயம்.

பெரியப்பா கடலை வேறு விதமாகப் பார்த்தார். ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா, திறந்தால் கடைமடை வரை வருமா என்று ஒரு வாழ்நாள் முழுக்க வாய்க்கால் தலைப்பில் நின்றவர். அவர் பார்வையில் கடல் என்பது அழகோ ஆழமோ இல்லை. காவிரி கணக்கில் வராமல் போய்ச் சேரும் இடம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கால் நனையாத தூரத்தில் நின்று, நெடுநேரம் முறைத்தார். "எவ்வளவு தண்ணி பாரு, எல்லாம் நம்மளது" என்றார். கடல்நீரை வயலுக்கு விட முடியாது என்று மகள் அறிவியல் பாடம் சொன்னாள். "தெரியும்மா. வந்து சேர்றதுக்கு முன்னாடி நம்மளது" என்று திருத்தினார்.

திரும்பும் பேருந்திலேயே அடுத்த களப்பணி பற்றிய விவாதம் தொடங்கிவிட்டது. விசாகப்பட்டினம் கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலையே 2002இலிருந்து அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள், உள்ளேயே நடந்து போகலாம் என்று மச்சினன் கைப்பேசியில் படம் காட்டினான். மகன், தான் அங்கே நாலே முக்கால் வயதாக இருக்கத் தயார் என்றான். செலவைப் பற்றிப் பேச்சு எழுவதற்கு முன்பே அப்பாயி கண்ணைத் திறந்தார்.

"அங்க டவுன் பஸ் போவுதா?"

போகாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.