மாவு பொங்காமை: காரணமும் கையாள்முறையும்

இரவு பாதிப் பாத்திரம் இருந்த இட்லி மாவு காலையிலும் அதே பாதியில் நிற்பது மாவு பொங்காமை எனப்படும். இது பெரும்பாலும் காலை 6 மணிக்கு, வீட்டில் விருந்தாளி இருக்கும் நாளில் கண்டறியப்படுகிறது. விருந்தாளிக்கும் பொங்காமைக்கும் உள்ள தொடர்பு நிறுவப்படவில்லை, மறுக்கப்படவும் இல்லை.

மாவைப் பொங்கவைப்பவை பாக்டீரியாக்கள். அவற்றுள் முதன்மையானது லியூகோனோஸ்டாக் மெசென்டராய்டிஸ். உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டே அடுக்களைக்குள் வந்துவிடும். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். அமிலத்தால் மாவு புளிக்கிறது, வாயுவால் பொங்குகிறது. அந்த வாயுவைத் தப்பவிடாமல் பிடித்து வைப்பவை அரைத்த உளுந்தின் புரதமும் வழவழப்பும். ஆகவே புளிப்பும் இல்லை, பொங்கலும் இல்லை என்றால் கிருமிகள் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. புளித்தும் பொங்கவில்லை என்றால் வாயு பிறந்து நழுவிவிட்டது. குற்றம் உளுந்தின் மேல். மாவை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் வழக்கு பாதி தீர்ந்துவிடும். ஆனால் பல வீடுகளில் இச்சோதனைக்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது.

தீர்ப்பு வழக்கமாக மாவைக் கரைத்த கையின் மேல் விழும். கைராசிக் கோட்பாடு எனப்படும் இதை எந்தச் சோதனையாலும் அசைக்க முடியாது. பொங்கினால் அது மாமியார் சொல்லிக்கொடுத்த பக்குவம். பொங்காவிட்டால் மருமகளின் கை. கையால் கரைப்பதில் பயன் இல்லாமல் இல்லை: அரிசி மாவும் உளுந்து மாவும் உப்பும் சீராகக் கலக்கும், உள்ளங்கைச் சூடும் கொஞ்சம் சேரும். ராசிக்கு அங்கே இடமில்லை.

உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் குளிர்தான். 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் 8 முதல் 12 மணி நேரத்தில் முடியும் வேலை, மார்கழியிலும் ஊட்டியிலும் மறுநாள் மத்தியானம் வரை இழுக்கும். சென்னையின் மே மாதத்தில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பு மேடையில் இறங்குவது தனி ஆய்வுக்குரியது. குளிருக்கு அடுத்த இடம் பழைய உளுந்துக்கு. அதன் பிறகு மிக்சி: வேகமாகச் சுற்றி உளுந்தைச் சூடாக்கிவிடும். கிரைண்டரின் கல் நிதானமாகச் சுற்றிக் காற்றையும் சேர்த்து அரைப்பதால், அதே உளுந்து அதில் கூடுதலாகக் காணும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றியவர்களுக்குத் தனியாக விளக்கம் தேவையில்லை.

குளிரால் நின்ற மாவுக்கு மருந்து கதகதப்பும் பொறுமையும். பாத்திரத்தை வெதுவெதுப்பான நீர் நிறைந்த அகன்ற அண்டாவில் வைக்கலாம், கம்பளியால் சுற்றலாம், முந்தைய மாவு ஒரு கரண்டி இருந்தால் கலக்கலாம். அடிக்கடி திறந்து பார்ப்பது பார்ப்பவரை மட்டுமே அமைதிப்படுத்தும். சமையல் சோடா இட்லியை உப்பவைக்கும். கூடவே புளிப்பையும் முறித்துவிடும், அளவு மீறினால் வாயில் சோடாவே நிற்கும்.

உளுந்தால் கெட்ட மாவைக் காத்திருந்து திருத்த முடியாது, புளிப்புதான் ஏறும். கொஞ்சம் உளுந்தைப் புதிதாக அரைத்துச் சேர்க்கலாம். அதற்கும் நேரமில்லையெனில் மாவு தோசைக்கல்லுக்கு மாற்றப்படும். மறுநாள் அதே மாவு வெங்காய ஊத்தப்பமாகத் தட்டில் விழும்போது, அது இட்லிக்காக அரைத்தது என்று அந்த வீட்டில் யாரும் சாட்சி சொல்வதில்லை.