தெர்மோஸ்டாட் மாற்றியல்

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே, பெரும்பாலும் மேல் ஹோஸ் தொடங்கும் இடத்தில் குடியிருக்கும் வாயிற்காப்போனே தெர்மோஸ்டாட். உள்ளங்கையில் அடங்கும் உருவம். நடுவே மெழுகு அடைத்த சிமிழ், சுற்றிலும் சுருள்வில். எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை கதவைச் சாத்திவைப்பதும், சூடு ஏறியதும் மெழுகு உருகிப் பருத்துக் கதவைத் தள்ளித் திறப்பதுமே இதன் பணி. எத்தனை டிகிரியில் திறக்கவேண்டும் என்பது, 82 என்றோ 88 என்றோ, இதன் தலையிலேயே எழுதப்பட்டிருக்கும்.

இதன் குலமுறை கோழி முட்டையில் தொடங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொர்னேலிஸ் டிரெபல் என்ற டச்சுக்காரர், பாதரசம் உயர்ந்து அடுப்பின் காற்றுவழியைத் தானே அடைக்கும்படி ஒரு பொறி செய்து, அதில் முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்க முனைந்தார். மெழுகுச் சிமிழ் செர்ஜியஸ் வெர்னேயின் கைவண்ணம்; காலம் 1930-கள். முட்டையிலிருந்து மோட்டாருக்கு வர ஏறக்குறைய 300 ஆண்டுகள் பிடித்தன.

இத்துறையில் இரு மரபுகள் உண்டு. முதலாவது நீக்கவாதம். இதன் மூலநூல் ஒரே வரி, அதுவும் வாய்மொழி: “நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார், கழட்டிப் போட்டுட்டேன்.” அக்கினி நட்சத்திரத்து வேலூர்கூட 88 டிகிரியில் ஏறக்குறைய பாதியோடு நின்றுவிடுகிறது என்பதை இம்மரபு கணக்கில் கொள்வதில்லை. கதவு இல்லாத எஞ்சின் சூடேறத் திணறும். வண்டி இன்னும் குளிரில் கிடக்கிறது என்று நம்பி, அதன் கணினி பெட்ரோலைத் தாராளமாக ஊற்றும். ஆயினும் நீக்கவாதம் செழிப்பதற்குக் காரணம் உண்டு. மூடியபடி சிக்கிய வால்வைக் கழற்றினால் கொதிப்பு அன்றைக்கே நின்றுவிடும். பெட்ரோல் செலவோ மெல்ல வரும். அதில் மெக்கானிக்கின் கையெழுத்தும் இராது.

இரண்டாவது மரபு மாற்றவாதம். நோய்க்குறிகள் இதற்கு முக்கியம். எவ்வளவு ஓட்டினாலும் சூட்டு முள் எழவில்லையென்றால் கதவு திறந்தபடி சிக்கியிருக்கலாம். முள் சிவப்பைத் தொட்டும் மேல் ஹோஸ் சில்லென்றிருந்தால் மூடியபடி சிக்கியிருக்கலாம்.

எஞ்சின் முழுக்க ஆறிய பின்பே வேலை தொடங்கும். ஆவி அடங்காத குக்கரைத் திறக்கக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் தெரியும். அந்த ஞானம் ஏனோ வாசலில் நிற்கும் ரேடியேட்டர் மூடிவரை வந்து சேர்வதில்லை. முதலில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை வடித்து வாளியில் பிடிக்கவேண்டும். அது இனிக்கும் நஞ்சு. சாக்கடையோரம் ஊற்றினால் தெருநாய் நக்கிச் சாகும்.

அடுத்து ஹோஸைக் கழற்றவேண்டும். புத்தகத்தில் இது அரை வரி. நடைமுறையில் அரை நாள். பல ஆண்டுகள் ஒட்டி வாழ்ந்த ரப்பர் பிரிய மறுக்கும். பார்வையாளர்கள் கூடுவதும் சரியாக இந்தக் கட்டத்தில்தான். இவர்கள் மூவகையினர்: “மெக்கானிக்கைக் கூப்பிடலாமே” என்பவர், டார்ச் பிடிக்க வந்து தன் முகத்துக்கே வெளிச்சம் காட்டுபவர், ஒன்றும் சொல்லாமல் கைகட்டி நிற்கும் மூன்றாம் மாடி ஓய்வுபெற்ற அதிகாரி. மூன்றாமவரே ஆபத்தானவர்.

தெர்மோஸ்டாட் மூடியின் இரு போல்ட்டுகளும் கழன்றதும் பழைய கேஸ்கெட்டைப் பொறுமையாகச் சுரண்டவேண்டும். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அங்கே கசியும். புதிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, கொதிக்கும் நீரில் தொங்கவிட்டுத் திறக்கிறதா என்று சோதிப்பது மரபு. சோதனை இரண்டு நிமிடம். எந்தப் பாத்திரத்தில் என்ற விவாதம் அதைவிட நீளும். பால் பாத்திரம் கிடைக்காது என்பது முன்முடிவு. பழையதை எந்தச் சமையல் பாத்திரத்திலும் இடலாகாது, கூலன்ட் ஒட்டியிருக்கும்.

சுருள்வில் எஞ்சின் பக்கம் பார்க்க, காற்று வெளியேறும் சிறு துளை மேலே வர, புதியதைப் பொருத்தவேண்டும். போல்ட்டை வீரத்தோடு முறுக்கினால் மரை போய்விடும். மீண்டும் நிரப்பும் கூலன்டோடு டிஸ்டில்டு வாட்டரே கலக்கவேண்டும். போர் தண்ணீரில் உப்புப் படியும்.

கடைசியாக, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுதாகத் திருகி, குமிழிகள் அடங்கக் காத்திருக்கவேண்டும். சென்னையில் ஹீட்டர் பயன்படும் ஒரே சந்தர்ப்பம் இது. மேல் ஹோஸ் திடீரென்று சுட்டால் கதவு திறந்துவிட்டது என்று பொருள். மறுநாள் காலை கூலன்ட் சற்றுக் குறைந்திருக்கும். எங்கே போயிற்று என்று மூன்றாம் மாடி அதிகாரி அப்போதுதான் முதன்முறையாக வாய்திறப்பார். காற்று இருந்த இடத்துக்குப் போயிருக்கும். குறைந்த அளவை ஊற்றி மூடவேண்டும்.