முதல் நாளே விழுந்த ஓட்டை

கேள்வி: 16 நாள் விண்வெளியில் தாங்கிய கொலம்பியா விண்ணோடம், தரையிறங்க 16 நிமிடம் இருக்கும்போது ஏன் சிதறியது? (வாசகி, கிழக்குத் தாம்பரம்)

பதில்: அது அடிபட்டது முதல் நாளிலேயே! 2003 ஜனவரி 16 அன்று, கிளம்பிய 82-வது விநாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையை உடைத்தது. காற்றில்லாத இடத்தில் ஓட்டை சும்மா இருந்தது. பிப்ரவரி 1-இல், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டை சுமார் நான்கு விநாடியில் தொடும் வேகத்தில் காற்றுக்குள் நுழைந்ததும் அனல் உள்ளே புகுந்தது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரையும் இழந்தோம். விண்ணோடம் மேலே இருக்கும்போதே இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று நாசா பொறியாளர்கள் கெஞ்சினார்கள், மேலிடம் மறுத்தது. அதுதான் பெரிய ஓட்டை.

அதே அனலைத் தாண்டி, நம் இஸ்ரோவின் ஆளில்லா எஸ்.ஆர்.இ-1 கலம் 2007 ஜனவரி 22-இல் வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது. இஸ்ரோவின் ககன்யான் விண்கலத்தில் மனிதர் ஏறுமுன், சந்தேகம் கேட்கும் பொறியாளருக்கு முதல் நாற்காலி போடுங்கள்!