கீப்பர் கமிட்டி

ஒரகடம் பக்கத்து ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறியதும் தூங்குகிறவர்கள் உண்டு, ஏறியதும் ஊருக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு, ஏறியதும் பைக் தவணையைச் சொல்லிப் புலம்புகிறவர்கள் உண்டு. இவர்கள் எந்த சீட்டைப் பார்த்தாலும் கிடைப்பார்கள். பஸ்ஸுக்கு ஒருவர் மட்டுமே கிடைக்கிற வகை ஒன்று இருக்கிறது. எங்கள் பஸ்ஸில் அவர் வல்லக்கோட்டை ஸ்டாப்பில் ஏறுவார். கையில் டிபன் பாக்ஸ், கக்கத்தில் டைரி. அப்பா அம்மா வைத்த பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. பஸ்ஸில் அவர் பெயர் கீப்பர் கமிட்டி.

ஐபிஎல் நடக்கிற இரண்டு மாதமும் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கற்பனை லீக் நடத்துகிறார்கள். ஆளுக்கு நூறு கோடி, வாயால். அறையில் தண்ணீர் கேன் காசை யார் தருவது என்பது இன்னும் தீராத வழக்கு. ஏலத்தில் மட்டும் அதே ஆட்கள் கண்ணிமைக்காமல் இருபது கோடிக்குப் போவார்கள். அந்த லீக்கின் விக்கெட் கீப்பர்களை வாராவாரம் தரம் பிரித்துப் பட்டியல் போடுவதுதான் அண்ணனின் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டது. பேட்ஸ்மேன், பவுலர் இருக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். "அதுக்கெல்லாம் ஊர்ல ஆள் இருக்கு தம்பி" என்பார்.

மேட்ச் பார்ப்பாரா என்று கேட்காதீர்கள். ஏழரை மணிக்கு டாஸெல்லாம் முடிந்து முதல் பந்து விழும்போது அவர் பி-ஷிஃப்டில் நிற்பார், போன் லாக்கரில் கிடக்கும். ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது ஸ்கோர்கார்டைத் திறந்து, ஜாதகம் பார்க்கிறவர் கட்டத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பார். மேட்ச் பார்த்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் தரம் போய்விடும் என்பது அவர் கட்சி. ஹைலைட்ஸ்கூட ஆகாது. விட்ட கேட்ச், தவறவிட்ட ஸ்டம்பிங் ஆகியவற்றை மட்டும் பார்த்தவர்களிடம் சாட்சியம் வாங்கி எழுதிக்கொள்வார்.

கணக்கு அலாதியானது. கற்பனை லீக் செயலிகளில் பல காலமாக கேட்சுக்கு 8, ஸ்டம்பிங்குக்கு 12 என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. அதை அவர் ஏற்றுக்கொண்டார், ஆனால் அதோடு நிற்கவில்லை. 'பை' போனால் ரன்னுக்கு ஒரு மார்க் வெட்டு. ஸ்டம்பிங் விட்டால் 12 கழித்தல். கிளவுஸ் போடாமல் பேட்டிங் மட்டும் ஆடியவன் பட்டியலிலேயே கிடையாது. இந்தக் கடைசி விதியால் 2025 சீசனின் முதல் வாரமே ரகளை. மார்ச் 23-ஆம் தேதி ஹைதராபாத்தில் இஷான் கிஷன் 47 பந்தில் 106 அடித்து நாட் அவுட். அதே மேட்சில் சஞ்சு சாம்சன் 66. கிஷன் அணியில் கிளாசன் கீப்பர். சஞ்சுவுக்கு விரலில் காயம், இம்பேக்ட் பிளேயராக வந்து அடித்துவிட்டுப் போனார். இரண்டு பேர் பெயரையும் டைரியில் எழுதி, எதிரே 'கிளவுஸ் இல்லை' என்று போட்டுக் கோடு கிழித்துவிட்டார். கிஷனை எட்டுக் கோடிக்கு எடுத்திருந்த செய்யாறு தம்பி அன்றைக்கு மெஸ்ஸில் சாப்பிடவில்லை.

மறுநாளே அவருக்கு வாழ்க்கையில் கிடைக்காத விருந்து. விசாகப்பட்டினத்தில் 27 கோடி ரூபாய் ரிஷப் பந்த் ஆறு பந்து ஆடி ஜீரோ. கடைசி ஓவரில் டெல்லியின் கடைசி ஜோடி நிற்கும்போது மோஹித் சர்மாவை ஸ்டம்பிங் செய்யும் வாய்ப்பையும் விட்டார். அவருடைய லக்னோ அணி ஒரு விக்கெட்டில் தோற்றது. செயலி ஜீரோவுக்கு இரண்டு மார்க்கைக் கழித்துவிட்டு, விட்ட ஸ்டம்பிங்கைக் கண்டுகொள்ளவில்லை. அண்ணன் கண்டுகொண்டார். சிவப்புப் பேனாவை எடுத்து 'ரிஜெக்ட்' என்று எழுதினார்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பஸ்ஸுக்கே தெரியும். அவர் ஒரு வெண்டார் கம்பெனியில் லைன் கடைசியில் நிற்கிற இன்ஸ்பெக்டர். பிராக்கெட் வரும், கோ, நோ-கோ கேஜை ஓட்டைக்குள் விட்டுப் பார்ப்பார், சரியாக இருந்தால் மார்க்கரால் ஒரு பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்பு டப்பா. ஒழுங்காகப் போன ஆயிரத்துக்கு யாரும் அவரைக் கூப்பிட்டுக் கை குலுக்கியதில்லை. தப்பி ஓடிய ஒன்றுக்கு மேனேஜர், அவருக்கு மேல் மேனேஜர், கஸ்டமரின் மேனேஜர் என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள். "பை விடாத கீப்பருக்கு எவன்டா மார்க் போடுறான்?" என்று அவர் கேட்கும்போது யாரும் கிரிக்கெட்டைப் பற்றி யோசிப்பதில்லை.

அந்த வாரப் பட்டியல் வெளியானதும் உண்மையான பஞ்சாயத்து தொடங்கியது. குவாஹாட்டியில் 97 அடித்த டி காக் முதலிடம், சரி. தோனி மூன்றாவது. தமிழ்நாட்டில் தோனியை மூன்றாவதாகப் போடுவதற்கு ஒன்று போலீஸ் பாதுகாப்பு வேண்டும், இல்லையென்றால் அண்ணன் மாதிரி நெஞ்சழுத்தம் வேண்டும். டீக்கடையில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். சூரியகுமாரைக் கண் மூடித் திறப்பதற்குள் ஸ்டம்பிங், அடுத்த மேட்சில் சால்ட்டை ஸ்டம்பிங், அவர் ஏன் முதலில் இல்லை என்று ஒரு கட்சி. பெங்களூருவோடு ஒன்பதாவது ஆளாக இறங்கி, மேட்ச் கைவிட்டுப் போன பிறகு 16 பந்தில் 30 அடித்தவர் ஏன் கடைசியில் இல்லை என்று எதிர்க்கட்சி.

"அண்ணே, முருகன் முன்னாடி கற்பூரம் அணைச்சுச் சொல்லுங்க, தலைக்கு ஓரவஞ்சனை பண்ணலைன்னு."

வல்லக்கோட்டை முருகன் ஏழடி உயரம். கிருத்திகைக்குக் கூட்டம் ரோடு வரை நிற்கும். பொய்ச் சத்தியம் செய்ய ஏற்ற சந்நிதி அல்ல. அண்ணன் டீயை வைத்துவிட்டு, "வாங்கடா போகலாம்" என்று எழுந்தார். சத்தியம் கேட்டவர்கள்தான் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவினார்கள்.

இவர் ஏதோ நம்மூர்ப் பிராணி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1962-லேயே ஓக்லண்டின் அமெரிக்கக் கால்பந்து அணியோடு தொடர்புள்ள சிலர் சேர்ந்து இந்தக் கற்பனை லீக்கைத் தொடங்கிவிட்டார்கள். அங்கே 'டைட் எண்ட்' என்று ஒரு ஆட்டக்காரர் உண்டு. பாதி நேரம் எதிராளியை முட்டித் தடுக்க வேண்டும், பாதி நேரம் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். கற்பனை லீக்கில் பிடித்ததற்கு மார்க் உண்டு, முட்டியதற்குக் கிடையாது. இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் அவருடைய போனஸ் நாளில்கூடப் பார்த்ததில்லை. "அங்கயும் அப்படித்தானா!"

சீசன் கடைசி லீக் மேட்சில் பந்த் 118 அடித்தார். எதிரணிக் கீப்பர் ஜிதேஷ் 33 பந்தில் 85 அடித்து அந்த மேட்சைப் பறித்தார். ஜிதேஷ் மேலே, பந்த் கீழே என்று டைரி முடிந்தது. 27 கோடிக்காரருக்குக் கூடுதல் சலுகை எதுவும் இல்லை.

ஆகஸ்டில் சட்டம் வந்தது. 2017-இல் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் கற்பனை லீக் திறமை விளையாட்டு என்று சொன்னதை வைத்துத்தான் செயலிகள் இத்தனை காலம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தன. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடினால் தடை என்று நாடாளுமன்றம் சொல்ல, 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. பணப் போட்டிகள் மூடின. தினம் 49 ரூபாய் கட்டிக் கோடியைக் கனவு கண்ட பாதி பஸ்ஸும் துக்க வீடு. மனைவிமார் பலர் முருகனுக்குத் தேங்காய் உடைத்தார்கள் என்று கேள்வி. அண்ணன் முகத்தில் சலனமில்லை. அவர் ஒரு பைசா கட்டியதில்லை. கோடிகளை வாயாலேயே செலவழித்துப் பழகியவர்.

வேலையிழந்தவர்கள் அவரிடம் வந்தார்கள். ஐபிஎல்லுக்கு இன்னும் மாதங்கள் கிடந்தன. பிறகென்ன, பள்ளிக்கூடத்துப் புக் கிரிக்கெட்தான். ஒருவருடைய பழைய ஐடிஐ ஃபிட்டர் புத்தகம் ஸ்டேடியம் ஆனது. திறந்தால் இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன், பூஜ்யம் வந்தால் அவுட். வலது பக்கத்தில் படம் இருந்தால் கீப்பர் கேட்ச் என்று அண்ணன் ஒரு விதி சேர்த்தார். ஞாயிறு மாலை பட்டியலும் வந்துவிட்டது.

செய்யாறு தம்பியின் கீப்பர் கடைசி. அவன் எழுந்து கத்தினான்.

"அண்ணே, புத்தகத்துல எங்கண்ணே என் ஆளு பை விட்டான்?"

அண்ணன் டைரியைப் புரட்டினார். "நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கம் பாரு. பிரிண்டிங் லெக் சைடுல சாஞ்சிருக்கு. நாலு ரன்."