பதினெட்டாம் படியும் லேப் படியும்

கேரள எல்லையோரக் கஞ்சிக்கோட்டில் கல்யாணமான பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டால் அவள் கருப்பை பஞ்சாயத்துப் புறம்போக்கு. யார் வேண்டுமானாலும் நுழைந்து அளக்கலாம். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அண்ணன், கேன்டீன் சேச்சி, கோயம்புத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா என்று எல்லோருக்கும் ஒரே விசாரம்: "விசேஷம் ஒன்னுமில்லையா?" வாரம் மாற்றி வாரம் அவளுக்கு நைட் ஷிஃப்ட் போடும் சூப்பர்வைசரும் அக்கறையாகக் கேட்கிறார். இருபத்தைந்து வயதில் அவள் காண்ட்ராக்ட் சம்பளம்தான் தம்பியின் ஃபீஸ், வீட்டு லோன், சேரவேண்டிய நகை. அப்போது ஒருத்தருக்கும் விசேஷம் தேவைப்படவில்லை.

வாளையார் எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு மில்களின் கருணை இன்னும் பெரிது. கல்யாணத்துக்குப் பணம் தருகிறோம் என்று சுமங்கலித் திட்டத்தில் பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்து நூற்க வைத்தார்கள். தமிழ்நாட்டு ஆலைகளில் மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்கு, பெயர்கூட இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து மறுபடி மெஷினுக்கு அனுப்பியதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளியே கொண்டுவந்தது. என்ன மாத்திரை என்று விழுங்கியவர்களுக்கே தெரியாது. 2025 மார்ச்சில் முதல்வர் ஸ்டாலின், தொகுதி மறுவரையறையைக் காட்டி, புதுமணத் தம்பதிகளை உடனே பிள்ளை பெறச் சொன்னார். நேற்று மில்லுக்கு வேண்டியிருந்த உடம்பு இன்று தொகுதிக்கு வேண்டியிருக்கிறது.

காப்பீட்டுக்காரர்களிடம் இந்தப் பாசாங்கு கிடையாது. மெடிக்கல் பாலிசியின் பொடி எழுத்தைப் படியுங்கள். 17ஆம் விலக்கு: குழந்தையின்மைச் சிகிச்சைக்குப் பணமில்லை. அடுத்த வரி, 18ஆம் விலக்கு: பிரசவத்துக்கும் இல்லை. பிறக்காவிட்டாலும் உன் செலவு, பிறந்தாலும் உன் செலவு. கூடுதல் பிரீமியம் கட்டினால் சில கம்பெனிகள் மனமிரங்கும்.

இதற்கிடையே அவளுக்கு 28 நாளில் வந்துகொண்டிருந்தது 25 நாளில் வருகிறது. முப்பதுகளின் பின்பாதியில் முட்டை இருப்பு குறையும்போது எஃப்எஸ்எச் ஹார்மோன் ஏறும், முட்டை சீக்கிரம் முதிரும், மாதவிடாய் முந்திக்கொள்ளும். மாமியார் பார்வையில் அது உடம்புச் சூடு. "இந்த மாசமும் குளிச்சிட்டாளா" என்று தெருவே கேட்கும்படி பெருமூச்சு. 35 தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்றும் தரிக்காவிட்டால் இருவரும் டாக்டரிடம் போகவேண்டும் என்கிறது மருத்துவம். எங்கள் பக்கம் 'இருவர்' என்றால் அவளும் அவள் அம்மாவும்.

புருஷன் சும்மா இருக்கிறான் என்று யாரும் பழி சொல்ல வேண்டாம். பிள்ளை வரம் கேட்டு சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறான். 41 நாள் விரதம், பிரம்மச்சரியம். 25 நாளுக்கு ஒருமுறை சுற்றும் உடம்பில் இந்த 41 நாளுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு ஒருமுறையாவது கைநழுவும், இரண்டு முறையும் போகலாம். நடுவே அவள் தூரமானால் சாமியின் கண்ணில் படாமல் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். பிள்ளைக்காக இருக்கும் விரதம், பிள்ளை வந்துவிடாதபடி அவ்வளவு கச்சிதமாக நடக்கிறது.

சாமி, விந்துப் பரிசோதனைக்கும் விரதம் உண்டு. 2 முதல் 7 நாள் போதும். இருமுடி வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் டப்பா. வேன் வாடகையில் உங்கள் பங்கைவிடச் செலவும் குறைவு. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது என்று உலகம் முழுக்க டாக்டர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். நம்ம சாமி நீலிமலை ஏறுவார், பதினெட்டாம் படி ஏறுவார். லேப் வாசலின் மூன்று படியில் மட்டும் முட்டி பிடித்துக்கொள்ளும். "எனக்கென்ன குறை?"

அவளுக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனை, முட்டை இருப்பை அளக்கும் ஏஎம்எச், தைராய்டு, குழாய் அடைப்பு எக்ஸ்ரே, மாதாமாதம் முட்டை வளர்ச்சி ஸ்கேன். ஃபைல் இரண்டு விரல்கடைத் தடிமன் ஆகிவிட்டது. அதில் அவன் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறான், 'கணவர் பெயர்' என்ற கட்டத்தில்.