பதினைந்தாம் இடத்து ஜமீன்

மான்செஸ்டர் யுனைடெட் இப்போது எத்தனையாவது இடம் என்று எனக்குத் தெரிந்த ஒரு யுனைடெட் ரசிகரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1878-ல் ஆரம்பிப்பார். நியூட்டன் ஹீத் ரயில்வே தொழிலாளிகள் பந்து உதைக்கக் கிளம்பியது, பச்சையும் மஞ்சளுமாகச் சட்டை போட்டது, 1902-ல் கிளப் கடனில் மூழ்கியது, கேப்டனுடைய நாய் காணாமல் போய் ஒரு பீர் ஆலை முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது, அந்த நாயை வைத்துப் பழக்கமான முதலாளி பணம் போட்டு கிளப்பையே தூக்கி நிறுத்தியது… நாய் கிடைப்பதற்குள் டீ ஆறிவிடும்.

நாம் கேட்டது ஒரே ஒரு நம்பர். ஒன்றிலிருந்து இருபதுக்குள்தான் இருக்கும். மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்டால், தாத்தா காலத்தில் நாங்கள் ஜமீன் என்று ஆரம்பிக்கிற வீட்டுக்காரர்கள் மாதிரிதான் இவரும்.

மேனேஜராக ஃபெர்குசன் இருந்தவரை இந்த வரலாறெல்லாம் வெளியே வந்ததில்லை. 1993-லிருந்து 2013 வரை பதிமூன்று லீக் பட்டம். கேட்காமலே இடத்தைச் சொல்வார். ஃபெர்குசன் ஓய்வு பெற்ற அடுத்த சீசனில் ஏழாவது இடம். அன்றைக்குத்தான் இவர் வரலாற்று ஆசிரியரானார். 1968-ல் “நாங்க” பென்ஃபிகாவை நாலுக்கு ஒன்று என்று அடித்த கதையைச் சொல்லும்போது இவருடைய அப்பாவுக்கே அப்போது கல்யாணம் ஆகவில்லை என்பதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

வரலாற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவரிடம் இன்னொரு பாயின்ட்ஸ் டேபிள் இருக்கிறது. லீக்காரர்கள் போடுவது அல்ல, திங்கட்கிழமை காலையில் ஏதாவது பில்லின் பின்பக்கம் இவரே போடுவது.

“பாருங்க சார், அந்த பெனால்ட்டிய குடுத்திருந்தான்னா டிரா இல்ல, ஜெயிச்சிருப்போம். ரெண்டு பாயின்ட். கடைசி நிமிஷத்துல வாங்குன கோல் இருக்கே, அது ஆஃப்சைடு. அதுல ஒண்ணு. மொத்தம் மூணு.” நம்மைப் பார்ப்பார். நாம் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் ஆஃப்சைடு கோடு எங்கே விழுந்திருக்க வேண்டும் என்று அதே பில்லில் வரைவார். பிறகு மேலே இருக்கும் டீம்களிடம் வருவார். “இவனுங்களுக்கு இனிமே ஆர்சனல், லிவர்பூல் ரெண்டு பேர்கூடவும் மேட்ச் இருக்கு. ரெண்டுலயும் அவுட்.” அங்கே ஆறு பாயின்ட்டைக் கழிப்பார். கூட்டல் யுனைடெட்டுக்கு, கழித்தல் ஊராருக்கு. கிறிஸ்துமஸுக்குள் சாம்பியன்ஸ் லீக் இடம் உறுதியாகிவிடும்.

2012 அவருக்கு ஆறாத ரணம். யுனைடெட் 89, மான்செஸ்டர் சிட்டி 89. பட்டம் கோல் வித்தியாசத்தில் சிட்டிக்குப் போனது: அவர்களுக்கு 64, இவர்களுக்கு 56. “எட்டு கோல் சார். சீசன் முழுக்க இன்னும் எட்டே எட்டு கோல் அடிச்சிருந்தா வித்தியாசம் சமம். சமம்னா அடிச்ச கோல பாப்பான். எங்களுக்கு 97, அவனுங்களுக்கு 93. கப்பு எங்களுது.” கணக்கு சரிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதே சீசன் அக்டோபரில், சொந்த மைதானத்தில், அதே சிட்டியிடம் ஆறுக்கு ஒன்று என்று வாங்கினார்களே, அந்த ஒரே மேட்சில் இங்கே ஐந்து அங்கே ஐந்து என்று பத்து கோல் வித்தியாசம் விழுந்ததே என்று எடுத்துச் சொன்னால் அவருக்கு உடனே ஒரு போன் வந்துவிடும்.

2024-25-ல் பதினைந்தாவது இடம். 38 மேட்ச், 18 தோல்வி, 42 பாயின்ட். அவருடைய பில்லில் ஐந்தாவது. யூரோப்பா லீக் ஃபைனலில் பதினேழாவது இடத்து டாட்டன்ஹாமிடம் தோற்றதற்கு மட்டும் பில்லில் இடமில்லை. லிவர்பூல் இருபதாவது பட்டம் வாங்கி இவர்களைச் சமன் செய்ததற்கும் இல்லை.

இத்தனைக்கும் மியூனிக் விமான விபத்தைப் பற்றி அவர் பேசும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. 1958 பிப்ரவரி 6. யுனைடெட் ஆட்டக்காரர்கள் எட்டு பேர் போனார்கள். இருபத்தொரு வயது டங்கன் எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் போராடினார். அதைச் சொல்லும்போது “இருந்தா” என்ற வார்த்தை அவர் வாயில் வராது. பில்லைத் தேடி கை பாக்கெட்டுக்கும் போகாது. அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே அவரைச் சகித்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் ஊரிலேயே இருக்கும் ‘சென்னையின் எஃப்.சி.’ இரண்டு தடவை ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கிய டீம். ஆடுவது சென்ட்ரலுக்குப் பக்கத்தில், நேரு ஸ்டேடியத்தில். டிக்கெட் நான் வாங்குகிறேன் என்றேன். ஒரு நாளாவது வந்தாரா? கோல்கீப்பர் பெயராவது தெரியுமா? மான்செஸ்டரில் மழை பெய்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்குகிற மனுஷனுக்கு, எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்க என்ன கஷ்டம்? எனக்கு நிஜமாகவே கோபம்.

“அதுல ரொம்ப வருஷமா ரெலகேஷனே இல்லாம இருந்துச்சே சார்” என்றார். “கீழ எறக்கிடுவான்னு பயமில்லாத லீக் ஒரு லீக்கா? நாங்க 1974-ல எறங்குனவங்க.”

இதைப் பட்டம் வாங்கியதுபோலத்தான் சொன்னார். பிறகு டெனிஸ் லா கதை. ஒரு காலத்தில் யுனைடெட்டின் செல்லப்பிள்ளை, யுனைடெட் இறங்கிய அன்றைக்கு சிட்டி சட்டையில் வந்து, ஓல்ட் டிராஃபோர்டிலேயே குதிகாலால் பந்தைத் தட்டி கோல் போட்டார். பில்லை எடுத்தார். அந்த கோலைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கூட்டினார். “அது விழலைன்னாலும் எறங்கியிருப்போம் சார். அன்னிக்கு பர்மிங்ஹாம் ஜெயிச்சிட்டான்.”

வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தேன். அவர் போட்ட “இருந்தா” கணக்குகளில் யுனைடெட் மேலே ஏறாதது இது ஒன்றுதான். சரியாகவும் இருந்தது.