ஒண்ணே ஒண்ணுதான் கொடுத்தேன்

ஒரு குழந்தைக்கு இரண்டு இனிப்பு கொடுத்ததாக இதுவரை எந்தப் பெரியவரும் ஒப்புக்கொண்டதில்லை. தாத்தா ஒரு கடலை மிட்டாய், அத்தை ஒரு ஜாங்கிரி, மாமா ஒரு சாக்லேட், பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு ரவா லட்டு. விசாரித்தால் எல்லாரிடமும் ஒரே வாக்குமூலம்தான்: "ஒண்ணே ஒண்ணுதான் கொடுத்தேன்." யாரும் பொய் சொல்லவில்லை. கூட்டிப் பார்ப்பதுதான் யார் பொறுப்பிலும் இல்லை. கடைசியில் டாக்டரிடம், "இவன் ஒண்ணுமே சாப்பிடறதில்லை" என்று அம்மா புலம்புவதிலும் பாதி உண்மை உண்டு, சோற்றைத் தொடுவதில்லைதான்.

இந்த 'ஒண்ணே ஒண்ணு'க்கு எவ்வளவு பலம் என்று நெதர்லாந்தில் நிறுத்தே பார்த்துவிட்டார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில் 641 பிள்ளைகள். ஒரு பாதிக்குத் தினமும் 250 மில்லி சர்க்கரை பானம். மறு பாதிக்கு அதே மாதிரி, சர்க்கரை இல்லாதது. யாருக்கு எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. வித்தியாசம் நாளுக்கு 100 கலோரி சொச்சம்தான். வளரும் வயதாயிற்றே, இரு பக்கமும் எடை ஏறியது. ஆனால் 18 மாதம் கழித்துச் சர்க்கரைப் பக்கம் சராசரியாக ஒரு கிலோ கூடுதல். இட்லி சாப்பிட்டால் அடுத்த வேளை பசி கொஞ்சம் அடங்கும். குடித்த சர்க்கரையை வயிறு சரியாக வரவு வைப்பதில்லை.

"ஓடியாடுற வயசு, கரைஞ்சிடும்" என்பார் தாத்தா. 100 கலோரி கரைய 20 கிலோ பிள்ளை அரைமணி நேரமாவது ஓடியாட வேண்டும். நம் பிள்ளைகளின் கட்டைவிரல்தான் அவ்வளவு நேரம் ஓடுகிறது. "நாங்க வெல்லம்தான் போடறோம்" என்பது அடுத்த கட்சி. வெல்லத்திலும் கலோரி ஏறக்குறைய சீனி அளவுக்கே. சர்க்கரைக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பு, மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள். 1,400 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு நாள் முழுக்கச் சுமார் 7 டீஸ்பூன். தேனும் பழச்சாறும் அந்தக் கணக்கில் சேர்த்தி. "எங்க வம்சமே இப்படித்தான்" என்பதில் நியாயம் இருக்கிறது, உடல் எடையில் பரம்பரைக்குப் பெரிய பங்குதான். ஆனால் வம்சத்தில் நாலு மணி பிஸ்கட்டும் சேர்ந்தேதான் வருகிறது.

"அடியோடு தடுத்தா ஏங்கிப் போயிடும்" என்பதை மட்டும் தட்டிக்கழிக்க முடியாது. பூட்டிவைத்த பண்டத்தின்மேல்தான் மோகம் கூடுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆகவே தீபாவளி அதிரசத்தை விட்டுவிடலாம், பாவம், அது வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோகிற விருந்தாளி. கூண்டில் ஏற்ற வேண்டியது தினசரி வருகிறவர்களை, அதிலும் சத்து பானம் என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிறவர்களை. இப்படிப்பட்ட பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவிலிருந்து எடுக்கச் சொல்லி இணையக் கடைகளுக்கு 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே எழுதிவிட்டது. வீட்டில் அந்தக் கடிதம் செல்லுபடியாகவில்லை. பவுடர் இன்னமும் பாலில் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. மேலே ஒரு ஸ்பூன் சீனி போட்டால்தான் பிள்ளை குடிக்கிறானாம்.